அந்த மஞ்சள் துருத்தி பஸ் தோற்றுப்போன வண்டி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் பக்கத்தில் யாழ்ப்பாணத்துப் பஸ் நெரிசலைப் பற்றி ஒரு சகோதரர் எழுதிய கடிதத்தை வாசித்தேன். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகப் பையும் முதுகுமாக மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போவதைப் பற்றி அவர் எழுதியது அவ்வளவும் உண்மை, ஒரு சொல்லும் மறுக்க மாட்டேன். ஆனால் கடைசிப் பந்தியில், நடுவில் துருத்தி வைத்து இரண்டு பெட்டியைச் சேர்த்த நீள பஸ்களைப் பற்றி, அது உலகம் முழுக்கத் தோற்றுப்போன வண்டி, லண்டன்காரனே தூக்கி எறிந்துவிட்டான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறு வருடம் அப்படியொரு வண்டியில் ஏறி இறங்கிப் படித்தவன் நான், பிறகு வாழ்நாள் முழுக்க எஞ்சின்களோடு கிடந்தவன், அந்த வண்டியைத் தோற்றது என்று யாராவது சொன்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

1983 ஆடிக் கலவரம் முடிந்த சில கிழமைகளில் ஒரு புலமைப்பரிசிலில் மொஸ்கோவுக்குப் போனேன், பத்ரிஸ் லுமும்பா பல்கலைக்கழகத்துக்கு. அந்தக் காலத்தில் இங்கிருந்து அப்படிப் போனவர்கள் நிறையப் பேர், இதை வாசிப்பவர்களிலும் சிலர் இருப்பீர்கள். பல்கலைக்கழகம் நகரத்தின் தென்மேற்கு மூலையில், மிக்லுகோ மக்லாயா என்ற வீதியில். அங்கிருந்து நிலத்தடி ரயில் எடுப்பதற்கு பெலியாயெவோ நிலையத்துக்குப் போகவேண்டும், அதற்கு பஸ். முதல் நாள் அந்த பஸ் தூரத்தில் வரும்போது ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இரண்டு பஸ் வருகிறது என்றுதான் நினைத்தேன். மஞ்சள் நிறம், பெட்டி மாதிரி சதுரமான முகம், பெரிய பெரிய கண்ணாடி. வளைவில் திரும்பினபோதுதான் நடுவில் கறுப்பாக ஒரு துருத்தி சுருங்கி விரிவது தெரிந்தது. அதுவரைக்கும் நான் கண்ட பெரிய பஸ் கொழும்பில் ஓடிய மாடி பஸ்தான், அதுவும் லண்டன்காரன் ஓட்டி முடித்துக் கொடுத்தது.

ரஷ்யர்கள் அதற்கு 'கர்மோஷ்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள், நெஞ்சில் கொழுவிக்கொண்டு இழுத்து மடித்து வாசிக்கும் அவர்களுடைய வாத்தியத்தின் பெயர் அது. நாங்கள் தமிழ்ப் பொடியன்கள் துருத்தி பஸ் என்போம். நடுவில் தரையில் ஒரு வட்டத் தட்டு இருக்கும், வண்டி திரும்பும்போது காலுக்குக் கீழே அந்தத் தட்டும் அசையும். குளிர்காலத்தில் எல்லாரும் அந்த இடத்தை விட்டு விலகி நிற்பார்கள், துருத்தியின் மடிப்புக்குள்ளால் காற்று ஊசி மாதிரி வரும். நான் மட்டும் அங்கேதான் நிற்பேன், அந்தத் தட்டு எப்படித் திரும்புகிறது என்று பார்ப்பதற்காக. ஒரு கிழவி ஒருநாள் என் கையைப் பிடித்து இழுத்து உள்ளே கொண்டுபோய் நிறுத்தி, பிள்ளை, விறைத்துப்போவாய் என்று ஏசினாள். அந்த மனுசியின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ரிக்கற் 5 கொபெக். கொண்டக்டர் கிடையாது. முதலே வாங்கி வைத்த சின்னத் துண்டை, சுவரில் கொழுவியிருக்கும் ஒரு இடுக்கியில் வைத்து நீங்களேதான் துளை போடவேண்டும். சனம் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது அந்த இடுக்கிக்குக் கிட்டப் போக முடியாது, ஆகவே முன்னால் நிற்பவரின் தோளைத் தட்டித் துண்டைக் கொடுத்தால் அது கை மாறிக் கை மாறிப் போய், துளை விழுந்து, அதே கைகளாலே திரும்பி வரும். எத்தனையோ நாள் கொடுத்திருக்கிறேன், ஒருநாளும் துண்டு தொலைந்ததில்லை. பரிசோதகர் திடீரென்று ஏறுவார், அதுவும் உண்மை. ஆனால் நூற்றைம்பது பேர் நிற்கிற ஒரு வண்டியில் எல்லாக் கதவாலும் ஏற விட்டால்தான் தரிப்பிடத்தில் நேரம் மிஞ்சும் என்பதை அங்கேதான் முதலில் கண்ணால் கண்டேன்.

அந்த வண்டியின் பெயர் இக்காரஸ் 280. ரஷ்யாவில் செய்ததில்லை, ஹங்கேரியில் செய்தது. அதன் கதையைப் படிக்கப் படிக்க எனக்கு ஆசை கூடியது. 1895 இல் இம்ரே உஹ்ரி என்ற கொல்லர் புடாபெஸ்ட்டில் வண்டி செய்கிற ஒரு பட்டறை போட்டார், இரும்பு காய்ச்சி அடித்து வண்டிச் சில்லுக்குப் பட்டம் போடுகிற வேலை. அதில் இருந்து மோட்டார் வண்டிகளுக்கு உடல் கட்டுகிற வேலைக்குப் போனார்கள், பிறகு பஸ். யுத்தம் முடிந்து எல்லாம் அரசாங்கத்தின் கைக்குப் போனபோது, 1949 இல், இக்காரஸ் என்ற பெயரில் விமானப் பாகங்கள் செய்துகொண்டிருந்த இன்னொரு கொம்பனியோடு சேர்த்துவிட்டார்கள், அந்தப் பெயர்தான் நிலைத்தது. மெழுகுச் சிறகு கட்டிப் பறந்த கிரேக்கக் கதைப் பையனின் பெயர் ஒரு பஸ்ஸுக்கு வந்தது அப்படித்தான்.

சோவியத் பக்கத்து நாடுகள் தங்களுக்குள் தொழிலைப் பிரித்துக்கொண்டன. பெரிய பஸ் செய்கிற வேலை ஹங்கேரிக்கு வந்தது. பத்தே மில்லியன் சனம் உள்ள ஒரு நாடு, பாதி உலகத்துக்கு பஸ் செய்து அனுப்பத் தொடங்கியது. துருத்தி பஸ்ஸில் அவர்களுடைய முதல் பெரிய வண்டி 1960களில் வந்த 180. அது வட்ட முகம் உள்ள வண்டி, நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகுதான் லாஸ்லோ ஃபின்டா என்ற வடிவமைப்பாளர் வரைந்த 200 வரிசை.

இந்த 200 வரிசையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முழுக் கதையும் இதில்தான் இருக்கிறது. ஃபின்டாவின் ஆட்கள் ஒரு பஸ்ஸை வரைந்து முடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் புதிதாக உட்காரவில்லை. ஒரு சட்டம், ஒரு கண்ணாடி அளவு, ஒரு கதவு, ஒரு முன்முகம், இதுகளை முதலில் தீர்மானித்தார்கள். அந்தத் துண்டுகளைக் கூட்டிக் குறைத்து அடுக்கி, குட்டை பஸ், நீள பஸ், ஊருக்கு ஊர் ஓடும் பஸ், துருத்தி பஸ் என்று ஒரு குடும்பமே பிறந்தது. 260 என்பது 11 மீற்றர் நீளமான தனி பஸ். 280 என்பது 16.5 மீற்றர், துருத்தியோடு. இரண்டுக்கும் கண்ணாடி ஒன்று, கதவு ஒன்று, எஞ்சின் ஒன்று. இந்த வண்டிக் கண்ணாடி வேறு, அந்த வண்டிக் கண்ணாடி வேறு என்று நாங்கள் இங்கே ஒரு கதவுக் கண்ணாடிக்காக மாதக்கணக்கில் கடை கடையாக ஏறி இறங்குகிறோமே, அந்தக் கஷ்டம் அங்கே இல்லை. 280 ஒன்று விபத்தில் நொறுங்கினால் அதன் பாகம் பக்கத்தில் நிற்கிற 260க்குப் போகும், 260இன் எஞ்சின் 280க்கு வரும். ஒரு மெக்கானிக் ஒன்றைப் படித்தால் எல்லாவற்றையும் திருத்துவான்.

எஞ்சின் ராபா-மான். ஹங்கேரியில் ஜ்யோர் நகரத்து ராபா தொழிற்சாலை ஜேர்மனியின் மான் கொம்பனியிடம் உரிமம் வாங்கிச் செய்தது, ஆறு சிலிண்டர், பத்து லீற்றருக்கு மேல், 192 குதிரைவலு. அதைப் படுக்கவைத்து முன் பெட்டியின் தரைக்குக் கீழே கட்டியிருப்பார்கள். பெரிய சனத்தை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது கஷ்டப்பட்டுத்தான் ஏறும், பொய் சொல்லக்கூடாது. கறுப்புப் புகையும் தள்ளும். ஆனால் அந்த எஞ்சினின் உறுமல் இருக்கிறதே, இரண்டு தெருவுக்கு அப்பால் கேட்டாலும் இது எங்கள் வண்டி என்று தெரியும்.

எஞ்சின் முன் பெட்டியில் இருந்தது ஏன் முக்கியம் என்று கேட்பீர்கள். லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு மெஷினில் பெட்டி கொழுவி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை. முன்னால் மெஷின், பின்னால் பெட்டி, மெஷின் இழுக்கப் பெட்டி பின்னாலே பேசாமல் வரும். அதையே பின்பக்கமாக வளவுக்குள் விடப் பார்த்தால் என்ன நடக்கும்? பெட்டி ஒரு பக்கம் மடங்கிக்கொண்டு வேலியில் போய் நிற்கும். இக்காரஸ் 280 இழுக்கிற வகை, எஞ்சின் நடு அச்சைச் சுழற்றும், பின்பெட்டி சும்மா இழுபட்டு வரும். பனியில் வழுக்கினாலும் மடங்குகிற பயம் குறைவு. அதில் பெரிய மூளை ஒன்றும் தேவையில்லை, ஒரு மூட்டு, ஒரு தட்டு, ஒரு துருத்தி, அவ்வளவுதான்.

அதற்குக் கொடுத்த விலை தரையின் உயரம். எஞ்சின் கீழே கிடந்தால் தரை மேலே போகத்தானே வேண்டும். மூன்று படி ஏறவேண்டும், அதுவும் பனி உறைந்த படி. என் கையைப் பிடித்து இழுத்த அந்தக் கிழவி மாதிரி ஆட்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். சக்கர நாற்காலியில் இருக்கிற ஒருவர் அந்த பஸ்ஸில் ஏறி நான் ஆறு வருடத்தில் ஒருநாளும் காணவில்லை. 1990களில் ஐரோப்பாவில் தரை தாழ்ந்த பஸ்தான் வேண்டும் என்று வந்தபோது எஞ்சினைக் கீழே வைக்க இடமில்லாமல் போய், கடைசி மூலைக்குக் கொண்டுபோனார்கள். அப்போது பின்பெட்டி முன்பெட்டியைத் தள்ளவேண்டும், வளவுக்குள் பின்பக்கமாக விடுகிற லான்ட்மாஸ்டர் மாதிரி. மடங்காமல் இருக்க மூட்டுக்குள் எண்ணெய் அழுத்தம், அதைப் பார்த்துக்கொள்ள மின்னணுக் கட்டுப்பாடு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஜேர்மனியில் காசெல் நகரத்து ஹூப்னர் கொம்பனி இந்த மூட்டும் துருத்தியும் செய்வதிலேயே உலகப் பெயர் எடுத்தது. நல்ல வேலைதான், ஆனால் கொல்லுப்பட்டறையில் திருத்துகிற வேலை இல்லை.

சரி, இக்காரஸுக்கு வருகிறேன். 1973 இல் 280 தொடர்ச்சியாகச் செய்யத் தொடங்கினார்கள், 2002 வரை செய்தார்கள், ஏறத்தாழ 61,000 வண்டி. ஒரே ஒரு மாதிரி, அதுவும் துருத்தி பஸ், 61,000! கிழக்கு பெர்லினில் ஓடியது, ஹவானாவில் ஓடியது, மேலே கம்பி பிடித்து மின்சாரத்தில் ஓடுகிற வகையும் செய்தார்கள். இக்காரஸ் தொழிற்சாலைகளின் நல்ல காலத்தில் எல்லா மாதிரியும் சேர்த்து வருடத்துக்கு 12,000 பஸ்ஸுக்கு மேல் வெளியே போனது. சோவியத் நாட்டுக்கு மட்டும் ஒரு இலட்சத்துக்கும் மேல் போயிருக்கிறது. பனிப்போர்க் காலத்திலேயே அமெரிக்காவுக்கும் போனது என்றால் நம்புவீர்களா, உடலை ஹங்கேரியில் கட்டிக் கப்பலில் அனுப்ப, கலிபோர்னியாவில் கிரவுண் என்ற கொம்பனி அமெரிக்க எஞ்சின் வைத்து முடித்து, கிரவுண்-இக்காரஸ் 286 என்று விற்றது. 1980களின் தொடக்கத்தில் போர்ட்லண்ட் நகரம் அதை வாங்கி ஓட்டியது.

அந்த வண்டியை முடித்தது வண்டியின் குறை இல்லை. 1991 இல் வாங்குகிறவனே இல்லாமல் போனான். சோவியத் நாடு உடைந்தது, பணம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, தொழிற்சாலை தள்ளாடியது, வெளிநாட்டுக் கொம்பனி வாங்கியது, கொஞ்சக் காலத்தில் கதவு மூடினார்கள். அப்படியிருந்தும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் நிற்கவில்லை. புடாபெஸ்ட் தெருவில் கடைசி 280 ஓய்வு பெற்றது 2022 இல்தான். 1973 இல் இருந்து எண்ணிப் பாருங்கள், ஏறக்குறைய ஐம்பது வருடம். அந்த வண்டி செய்வதை நிறுத்தின பிறகும் இருபது வருடம் ஓட்டியிருக்கிறார்கள், ஏனென்றால் உள்ளே இருந்தது எல்லாம் திருத்தக்கூடிய சாமான்.

இனி லண்டன். அந்தச் சகோதரர் சொன்னது லண்டன் கதை, அதில் பாதி சரி. லண்டனில் ஓடியது இக்காரஸ் இல்லை, மெர்சிடிஸ் பென்ஸ் சிற்றாரோ, 18 மீற்றர், 1997 இல் வெளிவந்த மாதிரி, எஞ்சின் கடைசியில், தரை முழுக்கத் தாழ்வு. 2002 இல் முதல் வண்டிகள் ஓடத் தொடங்கின. 2007 இல் மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் வெம்பிளிக்குப் போயிருந்தோம், வீட்டுக்குக் கிட்ட ஓடிய 18ஆம் இலக்கம் துருத்தி பஸ். சட்பரியில் இருந்து யூஸ்டன் வரைக்கும். முதல் நாள் அதைக் கண்டபோது, ஐம்பது வயதைக் கடந்த மனுசன், தெருவில் நின்று கை தட்டினேன் என்று மகள் இன்றைக்கும் சொல்லுவாள். பேரனைக் குழந்தை வண்டிலில் வைத்து, நடுக் கதவால், ஒரு படிகூட இல்லாமல், மகள் தனியாக ஏறினாள். எனக்கு அந்தக் கிழவி ஞாபகம் வந்தது.

ஆனால் லண்டனில் பிரச்சினைகள் இருந்தன, அதை மறைக்கக்கூடாது. 2004 தொடக்கத்தில் சில வண்டிகள் தீப்பிடித்து, எல்லாவற்றையும் சில நாள் நிறுத்திப் பரிசோதித்துத் திருத்தின பிறகுதான் திரும்ப விட்டார்கள். மூன்று கதவாலும் ஏற விட்டதில் காசு கொடுக்காமல் ஏறுகிறவர்கள் கூடினார்கள். பழைய லண்டன் தெருக்களின் சந்திகளில் அந்த நீளம் மறித்துக்கொண்டு நிற்கும், சைக்கிள்காரர் பயப்பட்டார்கள். மேல்மாடி பஸ் அவர்களுக்கு ஊரின் அடையாளம், அதை எடுத்துவிட்டு இதை வைத்ததில் சனத்துக்குக் கோபமும் இருந்தது. 2008 மேயர் தேர்தலில் போரிஸ் ஜோன்சன் இந்த பஸ்களை அகற்றுவேன் என்று வாக்குறுதி கொடுத்து வென்றார், 2011 டிசம்பரில் 207ஆம் இலக்கத்தோடு கடைசி வண்டியும் போனது. ஆகவே அங்கே நடந்தது ஒரு தேர்தல், ஒரு ஊரின் தெரு, ஒரு ஊரின் மனம். அதே காலத்தில் ஹம்பேர்க்கில் அதே சிற்றாரோ துருத்தி பஸ் ஓடியது, இன்றைக்கும் ஓடுகிறது, இப்போது பற்றரியில் ஓடுகிற வகையும் வந்துவிட்டது. கொலம்பியாவில் பொகோட்டா நகரம் 2000 டிசம்பரில் துருத்தி பஸ்ஸுக்கென்று தனிப் பாதை போட்டு, ரயில் நிலையம் மாதிரி மேடை கட்டி ஓட்டத் தொடங்கியது, அங்கே அந்த வண்டி இல்லாமல் நகரமே நகராது.

மோல்ட்டாவின் கதை இதைவிடத் துக்கமானது. லண்டனில் கழித்த வண்டிகளில் ஒரு பங்கு 2011 இல் அந்தச் சின்னத் தீவுக்குப் போனது. ஒடுங்கிய கல் தெரு, வளைவு, கோடை வெயில். 2013 ஆகஸ்டில் சில நாள்களுக்குள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தது, அரசாங்கம் எல்லாவற்றையும் தெருவில் இருந்து எடுத்துவிட்டது. குளிர் ஊரில் பல வருடம் ஓடின வண்டியை, அதுவும் நுட்பமான வண்டியை, வேறொரு வெப்பத்துக்கும் வேறொரு தெருவுக்கும் கொண்டுபோனால் வண்டியா குற்றம்? இதைச் சொல்லும்போது எனக்கு எங்கள் ஊர்தான் கண்ணுக்குள் நிற்கிறது, ஏனென்றால் நாங்களும் பிறத்தியார் ஓட்டிக் கழித்ததை வாங்கிப் பழகின சனம்.

யாழ்ப்பாணத்துக்குத் துருத்தி பஸ் வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கஸ்தூரியார் வீதிக்குள் அந்த வண்டியைத் திருப்ப முடியாது. ஆஸ்பத்திரி வீதியில் காலை எட்டு மணிக்கு ஒரு ஓட்டோவே திரும்பக் கஷ்டப்படுகிறது. பருத்தித்துறைக்குப் போகிற 750 வழியில் கோப்பாய் தாண்டி வல்லை வெளிக்குப் போனால் றோட்டு நேராகக் கிடக்கிறது, அங்கே ஓடும், ஆனால் நெல்லியடிச் சந்தைக்குள் வந்து என்ன செய்வது? பள்ளிக்கூட நேரத்துக்கு இரண்டு சாதாரண பஸ் கூட விட்டால் அந்தச் சகோதரர் எழுதிய பிள்ளைகள் உள்ளே நின்று போவார்கள், அதற்குத் துருத்தி தேவையில்லை.

நான் கேட்பது வேறு. அந்த மஞ்சள் வண்டியைச் செய்தவர்கள் முதலில் தீர்மானித்தது பாகங்களை. எங்களுடைய பஸ்களை வாங்குகிறவர்கள் கடைசியாகக்கூட அதை யோசிப்பதாகத் தெரியவில்லை. எனக்குப் பழக்கமான ஒரு டிப்போவில், பெயர் வேண்டாம், நல்ல எஞ்சின் உள்ள ஒரு பஸ் ஒரு சின்னப் பாகத்துக்காக ஒரு வருடத்துக்கு மேல் வேப்பமரத்துக்குக் கீழே நின்றது. முதலில் அதன் பற்றரி போனது, பிறகு இரண்டு ரயர், பிறகு கண்ணாடி, ஒவ்வொன்றாக வேறு வண்டிகளுக்குக் கழற்றிக் கொடுத்து, கடைசியில் கூடு மட்டும் மிஞ்சியது. நான் படிப்பித்த பொடியன் ஒருவன் அங்கே மெக்கானிக்காக இருந்தான். சேர், அந்தப் பாகம் மட்டும் வந்திருந்தால் இது இன்றைக்கு ஓடும் என்று சொல்லிக்கொண்டு அந்தக் கூட்டைத் தடவினான். கெட்டிக்காரன், இப்போது கட்டாரில் இருக்கிறான்.

எங்கள் ஆட்களுக்குத் திருத்தத் தெரியாதா? 1990களில் எரிபொருள் தடை இருந்தபோது இந்தக் குடாநாட்டில் கார் எப்படி ஓடியது என்று முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து, சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் கார்களில் கர்ப்பிணிப் பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதற்கு முந்திய தலைமுறை வெளிநாட்டு அடிச்சட்டத்துக்கு மேல் பலகையால் உடல் கட்டி, பின்னால் சங்கிலி போட்ட தட்டி விரித்து, ஆளும் மரக்கறி மூட்டையும் ஒன்றாக ஏற்றித் தட்டிவான் ஓட்டியது. உஹ்ரியின் பட்டறையில் செய்த வேலை எங்கள் ஊர்ப் பட்டறைகளிலும் நடந்ததுதான். திருத்தக்கூடிய வண்டியைக் கையில் கொடுத்தால் இங்கே ஐம்பது வருடம் ஓட்டிக் காட்டுவார்கள், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆகவே இனி இந்தப் பக்கத்துக்கு பஸ் வாங்குகிறவர்கள், போக்குவரத்துச் சபையாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும், எத்தனை ஆசனம், என்ன நிறம் என்று கேட்க முன்னம், எத்தனை மாதிரி வண்டி எங்கள் டிப்போவில் நிற்கிறது, அதை மூன்றாக, இரண்டாகக் குறைக்கலாமா, இதன் பாகம் பத்து வருடத்துக்குப் பிறகு எங்கே கிடைக்கும், இதைத் திறந்து பார்க்க எங்கள் பொடியன்களுக்கு யார் படிப்பிப்பார் என்று கேட்கவேண்டும். உங்கள் பத்திரிகையும் அதைக் கேட்கவேண்டும்.

கடைசியாக ஒரு உதவி. என்னிடம் அந்த பஸ்ஸின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, 1986 மாசி மாதம் விடுதிக்கு முன்னால் எடுத்தது. நாங்கள் நாலு பேரும் தொப்பி போட்டுக்கொண்டு நடுவில் நின்று, பஸ்ஸின் முகம் மட்டும் தெரிய, துருத்தியை மறைத்துவிட்டோம். எனக்குத் தெரிந்த தொழில்நுட்பக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் பின்னேரங்களில் வீட்டுக்கு வருவார்கள், அவர்களுக்கு அந்தத் துருத்தி மூட்டு எப்படி வேலை செய்கிறது என்று வரைந்து காட்டுகிறேன், ஆனால் என் கை இப்போது நடுங்குகிறது, கோடு நேராக வருவதில்லை. மொஸ்கோவிலோ கியெவ்விலோ மின்ஸ்கிலோ படித்த யாராவது இதை வாசித்தால், பழைய ஆல்பத்தில் அந்த மஞ்சள் வண்டி வளைவில் திரும்புகிற படம், துருத்தி தெரிகிற மாதிரி ஒன்று கிடந்தால், ஒரு பிரதி எடுத்து ஆசிரியரின் விலாசத்துக்கு அனுப்பிவையுங்கள். நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற மோட்டார் பொறிமுறைப் போதனாசிரியர்,
கோண்டாவில்.